முதல் முறை தமிழ், இரண்டாம் முறை பிழை: பைத்தான் அமர்வில் மொழிபெயர்ப்பைச் சோதிக்கும்போது

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நூலகப் பதிவேட்டுக்கு ஒரு சிறு நிரல் எழுதி, நிரலின் சொற்களை வேறு மொழியில் காட்ட உதவும் கெட்டெக்ஸ்ட் வழியாக அதற்குத் தமிழ் சேர்த்திருக்கிறீர்கள். முழு நிரலாக ஓட்டினால் ஏறக்குறைய எல்லாம் தமிழில் வருகிறது. பைத்தானைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தால்தான் தொல்லை. முதல் சொல் தமிழில் வருகிறது; அடுத்த சொல்லுக்குப் பிழை வருகிறது. மொழிபெயர்ப்பைத் திருத்தினாலும் பழைய சொல்லே திரும்ப வருகிறது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்களை ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது. இதே நிரலை விண்டோஸில் ஓட்டும் உங்கள் நண்பருக்கு மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறக்கவே முடியவில்லை. இவற்றோடு, புத்தக எண்ணிக்கை காட்டும் வரியில் கீஎரர், அதாவது தேடிய பெயர் இல்லை என்ற பிழை.

ஐந்தும் வெவ்வேறு பிழைகள். ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்றைத் தேடினால் வழி தப்பிவிடும். அதைவிட முக்கியமாக, இவற்றில் முதல் இரண்டும் உங்கள் நிரலில் இல்லை, மொழிபெயர்ப்பிலும் இல்லை. சோதிக்கத் திறந்த அமர்வே அவற்றை உண்டாக்குகிறது. அதனால்தான் நிரலை வரிவரியாகப் படித்தும் உங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை.

கீழே வரும் கட்டளைகளின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

முதல் பிழையைப் பார்ப்போம். நீங்கள் செய்தது இதுதான்:

>>> கெட்டெக்ஸ்ட்.இன்ஸ்டால்("நூலகம்", "லோகேல்")
>>> _("சேவ்")
'சேமி'
>>> _("ஓப்பன்")
டைப்எரர்: 'எஸ்டிஆர்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்

சரத்தைச் செயற்கூறு போல அழைக்கிறாய் என்று பைத்தான் குறை சொல்கிறது. அது சொல்வது உண்மை. இரண்டாவது வரியைத் தட்டிய நொடியில் அடிக்கோடு என்ற பெயர் மொழிபெயர்க்கும் செயற்கூறாக இல்லை. 'சேமி' என்ற சரமாகிவிட்டது.

அந்தப் பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1995இல் வெளிவந்த குனு கெட்டெக்ஸ்ட், மொழிபெயர்க்க வேண்டிய சரங்களை அடிக்கோட்டால் சுற்றி எழுதும் வழக்கத்தைப் பரப்பியது. நூற்றுக்கணக்கான இடங்களில் எழுத வேண்டிய பெயர் என்பதால் ஓரெழுத்தாக இருப்பது வசதி. பைத்தானின் இன்ஸ்டால் கட்டளை அந்தப் பெயரை, எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான பெயர்கள் இருக்கும் பில்டின்ஸ் மாட்யூலில் போட்டுவைக்கிறது. எந்தக் கோப்பிலிருந்தும் இறக்குமதி இல்லாமலேயே அதை அழைக்கலாம். இன்னொரு பக்கம், பைத்தானின் ஊடாடும் அமர்வு கடைசியாகக் கிடைத்த விடையை அடிக்கோட்டில் வைத்துத் தருகிறது. கணக்குப் போடும்போது முந்தைய விடையை மீண்டும் எடுத்துக்கொள்ள உதவும் வசதி அது. அதையும் வைப்பது அதே பில்டின்ஸ் மாட்யூலில்தான். ஒரே ஆணியில் இரண்டு சட்டை. பின்னால் மாட்டியவருடையதுதான் மேலே இருக்கும்.

இந்த வேலையைச் செய்வது சிஸ் மாட்யூலில் உள்ள டிஸ்பிளேஹுக் என்ற செயற்கூறு. நீங்கள் தட்டிய கோவைக்கு ஏதாவது மதிப்பு வந்தால் அதைத் திரையில் காட்டிவிட்டு அடிக்கோட்டில் எழுதிவைக்கும். மதிப்பு 'நன்' ஆக, அதாவது வெறுமையாக, இருந்தால் எதையும் தொடாது. இதை வைத்தே நோயை உறுதி செய்துகொள்ளலாம். புதிய அமர்வைத் திறந்து, இன்ஸ்டால் செய்துவிட்டு, வெறுமனே தட்டாமல் பிரிண்ட் வழியாகக் கேளுங்கள்:

>>> பிரிண்ட்(_("சேவ்"))
சேமி
>>> பிரிண்ட்(_("ஓப்பன்"))
திற

எத்தனை முறை கேட்டாலும் உடையாது. பிரிண்ட் திருப்பித் தருவது 'நன்' என்பதால் டிஸ்பிளேஹுக் ஒதுங்கிக்கொள்கிறது. நிரலாக ஓட்டும்போது சரியாக இருப்பதற்கும் இதுவே காரணம்: அங்கே டிஸ்பிளேஹுக் இயங்குவதே இல்லை.

அடிக்கோட்டை நேராகத் தொடாவிட்டாலும் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். அமர்வில் 2 + 3 என்று தட்டினாலே போதும், அடிக்கோட்டில் 5 வந்து உட்கார்ந்துவிடும். அதன் பிறகு உங்கள் நிரலின் ஏதோ ஒரு மாட்யூலுக்குள் இருக்கும் செயற்கூறை அழைத்தால், அது உள்ளே _("டைட்டில்") என்று கேட்கும்போது முழு எண்ணை அழைக்க முடியாது என்று விழும். பிழைச் செய்தி காட்டும் இடம் அந்த மாட்யூலில் இருக்கும். காரணமோ நீங்கள் பத்து வரிக்கு முன்னால் போட்ட கூட்டல். நான் முதன்முதலில் இதில் மாட்டியபோது ஒரு மாலை முழுவதும் அந்த மாட்யூலையே திருத்திக்கொண்டிருந்தேன். அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

பலரும் சொல்லும் குறுக்குவழி, அமர்விலேயே அடிக்கோட்டுக்கு மொழிபெயர்ப்புச் செயற்கூறை நேரே ஒதுக்குவது. அது பாதி மருந்துதான். பைத்தான் ஒரு பெயரைத் தேடும்போது முதலில் அமர்வின் சொந்தப் பெயர்களில் தேடும், அங்கே இல்லாவிட்டால்தான் பில்டின்ஸுக்குப் போகும். அதனால் நீங்கள் தட்டும் வரிகள் சரியாகிவிடும். ஆனால் டிஸ்பிளேஹுக் பில்டின்ஸில் எழுதுவதை நிறுத்தவில்லை. பில்டின்ஸை நம்பியிருக்கும் மற்ற மாட்யூல்கள் முன்போலவே உடையும். 'ஃபார் _ இன் ரேஞ்ச்(3)' என்று அமர்வில் ஒரு சுழற்சி எழுதினாலும் கதை ஏறக்குறைய இதுதான்: அடிக்கோடு 2 ஆக அமர்விலேயே தங்கிவிடும். அப்போது 'டெல் _' என்று அந்தப் பெயரை நீக்கினால் போதும்.

நான் பின்பற்றும் முறை வேறு. சோதனைக்கு அடிக்கோட்டையே பயன்படுத்துவதில்லை. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். மொழிபெயர்ப்பைச் சோதிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை:

>>> மொழி = கெட்டெக்ஸ்ட்.டிரான்ஸ்லேஷன்("நூலகம்", "லோகேல்", ["டிஏ"])
>>> சொல் = மொழி.கெட்டெக்ஸ்ட்
>>> சொல்("ஓப்பன்")
'திற'

மாட்யூல்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்றால் டிஸ்பிளேஹுக்கையே மாற்றிவிடுங்கள். நான்கு வரி:

>>> டெஃப் காட்டு(மதிப்பு):
...     இஃப் மதிப்பு இஸ் நாட் நன்:
...         பிரிண்ட்(ரெப்ர்(மதிப்பு))
...
>>> சிஸ்.டிஸ்பிளேஹுக் = காட்டு

ஏற்கெனவே கெட்டுப்போன அமர்வாக இருந்தால் இதற்குப் பிறகு மொழி.இன்ஸ்டால்() என்று ஒருமுறை அழைத்து அடிக்கோட்டை மீட்டுக்கொள்ளுங்கள். இந்த நான்கு வரிகளையும் ஒரு கோப்பில் எழுதி, பைத்தான்ஸ்டார்ட்அப் என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு அமர்விலும் தானாக ஏறிவிடும். நிரலை ஓட்டும்போது அந்தக் கோப்பு படிக்கப்படாது என்பதால் பாதிப்பும் இல்லை.

உங்கள் நிரலிலேயே செய்யத்தக்க திருத்தம் ஒன்றும் உண்டு: இன்ஸ்டாலை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாட்யூலின் தலைப்பிலும் அடிக்கோட்டை வெளிப்படையாக இறக்குமதி செய்வது. அப்போது அது மாட்யூலின் சொந்தப் பெயராகிவிடும், அமர்வு அதைத் தொட முடியாது. பிறர் இறக்குமதி செய்யும் மாட்யூல் எழுதுகிறீர்கள் என்றால் இதைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையதளம் கட்டும் ஜாங்கோவுக்கு எப்போதாவது மாறினால் அங்கே அமர்வில் வேறொரு வேறுபாட்டைக் காண்பீர்கள்: உலாவியிலிருந்து கோரிக்கை எதுவும் வராததால் பயனரின் மொழி தானாகத் தேர்வாகாது. டிரான்ஸ்லேஷன்.ஆக்டிவேட் கட்டளையால் நீங்களே மொழியைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, திருத்தியும் மாறாத சொல். மொழிபெயர்ப்பாளர் எழுதும் பிஓ கோப்பைத் திருத்தி, எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற தொகுப்புக் கருவி கொண்டு, நிரல் படிக்கும் எம்ஓ கோப்பாகத் தொகுத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். வட்டில் கோப்பு புதியதுதான். ஆனால் கெட்டெக்ஸ்ட் மாட்யூல் ஒருமுறை படித்த எம்ஓ கோப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பாதையை மறுபடி கேட்டால் வட்டைத் திறக்காமல் நினைவிலிருந்து எடுத்துத் தந்துவிடும். கோப்பு மாறியதா என்று பார்ப்பதில்லை. அமர்வை மூடித் திறப்பது எளிய வழி. நிறைய மாறிகளை உருவாக்கிவைத்திருப்பதால் மூட மனமில்லை என்றால், கெட்டெக்ஸ்ட் மாட்யூலில் _டிரான்ஸ்லேஷன்ஸ் என்ற அகராதி இருக்கிறது. அதை கிளியர்() செய்துவிட்டு மொழிபெயர்ப்பை மீண்டும் ஏற்றுங்கள். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் உள்பயன்பாட்டுக்கானது, ஆகவே இதை நிரலில் எழுதாதீர்கள்.

அமர்வைப் புதிதாகத் திறந்த பிறகும் ஆங்கிலமே வந்தால், அப்போதுதான் கோப்பைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஸ்டால் கட்டளை எம்ஓ கோப்பு கிடைக்காவிட்டாலும் வாயைத் திறக்காது. ஆங்கிலத்தையே திருப்பித் தந்துகொண்டிருக்கும். டிரான்ஸ்லேஷன் கட்டளை அப்படியில்லை, ஃபால்பேக் (கோப்பு கிடைக்காவிட்டால் மூலச் சொல்லே போதும் என்ற தெரிவு) கேட்காதவரை கோப்பு இல்லை என்று உரக்கச் சொல்லும். அதனால்தான் மேலே அதைக் காட்டினேன். கோப்பு இல்லை என்று வந்தால் முதலில் பாருங்கள்: பைத்தானை எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கினீர்கள்? "லோகேல்" என்பது சார்புப் பாதை. நிரலின் கோப்புறையிலிருந்து ஓட்டினால் கிடைப்பது, வீட்டுக் கோப்புறையிலிருந்து திறந்த அமர்வுக்குக் கிடைக்காது. அடுத்து மொழிக் குறி. சூழலில் 'டிஏ_ஐஎன்' என்று இருந்தால் பைத்தான் அதையும் தேடும், வெறும் 'டிஏ' கோப்புறையையும் தேடும். எதிர்த்திசையில் தேடாது. இந்தியாவுக்கான டிஏ_ஐஎன் கோப்புறை மட்டும் வைத்திருந்தால், இலங்கைக்கான டிஏ_எல்கே அமைப்போடு வரும் பயனருக்கு ஆங்கிலம்தான் கிடைக்கும். இரு நாட்டுக்கும் சொற்கள் வேறுபடாதவரை கோப்புறைக்கு வெறும் டிஏ என்றே பெயர் வையுங்கள்.

கோப்பு இருந்தும் ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் வந்தால், மொழி._கேட்டலாக் என்ற அகராதிக்குள் அந்த ஆங்கிலச் சரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிஓ கோப்பில் அந்தப் பதிவின் மேல் 'ஃபஸி' என்ற குறி நிற்கிறதா பாருங்கள். மூலச் சரம் சற்று மாறியதும் இணைப்புக் கருவி பழைய மொழிபெயர்ப்பை ஊகமாகப் பொருத்திவிட்டு அந்தக் குறியைப் போடும். மனிதர் ஒருவர் பார்த்துக் குறியை நீக்கும்வரை எம்எஸ்ஜிஎஃப்எம்டி அந்தப் பதிவை எம்ஓ கோப்பில் சேர்க்காது. எஃப் சரத்தை அடிக்கோட்டுக்குள் எழுதியிருந்தாலும் சொல் கிடைக்காது: மதிப்பு நிரப்பப்பட்ட பிறகே சரம் தேடலுக்குப் போகிறது, அப்படி ஒரு சரம் அகராதியில் இருக்க வழியில்லை. இன்னொன்று, வெற்றுச் சரத்தை மொழிபெயர்க்கக் கேட்காதீர்கள். கெட்டெக்ஸ்ட் கோப்பின் தலைப்புத் தகவல் வெற்றுச் சரத்தின் மொழிபெயர்ப்பாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் திடீரென்று மொழிபெயர்ப்பாளர் பெயரும் தேதியும் வந்து நிற்கும்.

மூன்றாவதுதான் தமிழுக்கே உரியது, இதில் சற்று நின்று பேச வேண்டும். 'தொடர்' என்று மொழிபெயர்ப்பிலிருந்து வந்த சொல்லும், சோதனையில் நீங்கள் தட்டிய 'தொடர்' என்ற சொல்லும் சமமில்லை என்கிறது பைத்தான். கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு நீளம் சொல்லும் லென் 5 என்றும் மற்றொன்றுக்கு 6 என்றும் வந்தால் விடை அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஆர்ட் செயற்கூறால் குறியெண் எடுங்கள்:

[2980, 3018, 2975, 2992, 3021]
[2980, 3014, 3006, 2975, 2992, 3021]

முதல் வரிசையில் ஒகரக் குறி ஒரே குறியெண், 3018. இரண்டாவதில் அது பிரிந்து, ஒற்றைக் கொம்பு 3014 ஆகவும் கால் 3006 ஆகவும் நிற்கிறது. யூனிகோட் இரண்டையும் ஒரே பொருளுள்ளவையாக ஏற்கிறது. எழுத்துருவும் இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடுகிறது. பைத்தானின் ஒப்பீடு மட்டும் குறியெண்களை அப்படியே ஒப்பிடுகிறது. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் செயற்கூறில் 'என்எஃப்சி', அதாவது சேர்ந்த வடிவம், என்று கேட்டால் இரண்டாவது வரிசை முதல் வரிசையாகிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டுகிறார்கள் என்பதால் பிஓ கோப்பைத் தொகுப்பதற்கு முன்பே முழுவதையும் ஒருமுறை என்எஃப்சி ஆக்கிவிடுவது நல்லது.

நார்மலைஸ் திருத்தாத ஒன்றும் இருக்கிறது. ஔகாரக் குறியின் வலப்பாதி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால் சிலர் கொம்பைத் தட்டி ளகர எழுத்தையே பக்கத்தில் தட்டிவிடுகிறார்கள். யூனிகோட்டுக்கு ளகரம் 2995, ஔகாரத்தின் வலப்பாதி 3031. வேறு வேறு எழுத்துகள். அது எழுத்துப்பிழை, மெய்ப்புப் பார்ப்பவர்தான் திருத்த வேண்டும்.

குறியெண் வரிசையில் 8203, 8204 போன்ற எண்கள் தென்பட்டால், இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது கூடவே வந்த அகலமற்ற எழுத்துகள் அவை. 160 வந்தால் அது முறியா இடைவெளி. பிரிண்ட் இவற்றைக் காட்டாது. சொல்லை வெறுமனே தட்டினால் அமர்வு அதை ரெப்ர் வடிவில் காட்டுவதால் இவை சாய்கோட்டோடு வெளிப்பட்டுவிடும். இந்த இடத்தில் மட்டும் பிரிண்ட்டை விட வெறுமனே தட்டுவதே உதவும்.

உங்கள் நண்பரின் விண்டோஸ் பிழைக்கு வருகிறேன். அவர் பிஓ கோப்பை ஓப்பன் செயற்கூறால் என்கோடிங் சொல்லாமல் திறந்திருக்கிறார். பைத்தான் அப்போது விண்டோஸின் இயல்புக் குறியாக்கத்தை, பெரும்பாலான கணினிகளில் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை, எடுத்துக்கொள்கிறது. யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகப் படிப்பதால் 'சேமி' என்ற சொல் 12 புரியாத எழுத்துகளாக வருகிறது, பிழை எதுவும் சொல்லாமல். ஆனால் அவருக்கு வந்தது பிழை. 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று. பதினாறின் அடிமானத்தில் 8டி என்பது பத்தின் அடிமானத்தில் 141. 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் 141 ஒன்று. தமிழின் புள்ளிக் குறி யுடிஎஃப்-8இல் 224, 175, 141. அவரைத் தடுத்து நிறுத்தியது ஒரு மெய்யெழுத்தின் புள்ளி! உகரக் குறியின் கடைசி பைட் 129, ஏ என்ற உயிரெழுத்துக்கு 143, ஐ என்ற உயிரெழுத்துக்கு 144. இவையும் காலி இடங்களே. புள்ளி இல்லாத தமிழ் வரி எங்கே கிடைக்கப்போகிறது? எனவே தமிழ்க் கோப்பு ஏறக்குறைய எப்போதும் இப்படிச் சத்தம்போட்டு நின்றுவிடும். அது நல்லதுதான், குப்பையை அமைதியாகச் சேமித்துவைப்பதைவிட.

தீர்வு, ஓப்பனில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதுவது. பழைய நிரல்களைத் தொட முடியாத நிலையில் பைத்தான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 என்று கொடுக்கலாம், 3.7 பதிப்பிலிருந்து இது உண்டு. பிஓ கோப்பின் தலைப்பில் 'சார்செட்' யுடிஎஃப்-8 என்று இருப்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டங்கட்டமாகத் தெரிவதாக அவர் சொன்னால் அது எழுத்துருக் குறை மட்டுமே. லென்னும் ஆர்டும் சரியான எண்களைக் கொடுத்தால் சரத்தில் ஒன்றும் கெடவில்லை.

கடைசியாக அந்தக் கீஎரர். நீங்கள் அனுப்பிய வரியில் மூலச் சரம் '%(கவுன்ட்)டி புக்ஸ்'. மொழிபெயர்ப்பில் அடைப்புக்குள் இருந்த பெயரும் சேர்ந்து தமிழாகிவிட்டது: '%(எண்ணிக்கை)டி புத்தகங்கள்'. மொழிபெயர்ப்பாளர் மேல் தவறில்லை, அடைப்புக்குள் இருப்பதைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிரல் 'கவுன்ட்' என்ற பெயரில் மதிப்பைத் தருகிறது. சரம் 'எண்ணிக்கை' என்ற பெயரைத் தேடி ஏமாறுகிறது. அந்தப் பெயரை மூலத்தில் உள்ளபடியே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பதிவுக்கு மேல் 'பைத்தான்-ஃபார்மேட்' என்ற குறி இருப்பதை உறுதி செய்துகொண்டு, இனி எம்எஸ்ஜிஎஃப்எம்டியை -சி தெரிவோடு ஓட்டுங்கள். இப்படிப் பெயர் மாறிய வரிகளைத் தொகுக்கும்போதே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும்.